இரண்டாம் மாடியின் கூரை

ஜூலை இரண்டாம் வாரம்
படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியது.
முதலில் உள்ளங்கை அளவு,
பிறகு காயப்போட்ட சட்டை அளவு.
பெயின்ட் புடைத்துப் பொருக்குப் பொருக்காய்
கட்டிலில் அவள் பக்கம் உதிர்ந்தது.

அவள் பக்கம் என்றுதான் இப்போதும் வாயில் வருகிறது.
அமலி போய்ப் பதினோரு மாதம்.

திலக் நகரில் இந்த மழைக்கு
யாரைக் கேட்டாலும் சொல்ல ஒரு சுவர் இருக்கும்.
என்னிடம் சுவரைவிடப் பெரிய கதை இருந்தது.
அலுவலகத்தில் சொன்னேன்,
ஹார்பர் லைன் ரயிலில் சொன்னேன்,
குர்லாவில் கூட்டம் பிதுக்கித் தள்ளும்போதும்
தோளோடு ஒட்டியவனிடம் சொன்னேன்:
என்ன குறை வைத்தேன் அவளுக்கு,
ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்.
உச்சுக் கொட்டினார்கள்.
உச்சுக் கொட்டலில் ஒரு ருசி உண்டு.
அதற்காகவே சிலருக்கு இரண்டு முறை சொன்னேன்.

ப்ளம்பர் இர்ஷாத்
சுத்தியல் பிடியால் தட்டித் தட்டிச் சுவரில் காது வைத்தான்.
தண்ணீர் நுழைவது ஓரிடம்,
முகம் காட்டுவது வேறிடம் சார்,
இது மேல் வீட்டுக் கசிவு என்றான்.
படியேறிப் போய்ச் சண்டை போட்டேன்.
நியாயம் கையில் இருந்ததால்
குரல் நன்றாகவே எழும்பியது.

மூன்றாம் நாள் இரவு மணியடித்தது.
கீழ் வீட்டு சாவந்த்தின் மனைவி,
விரலெல்லாம் பாக்ரி மாவு.
ஒரு நிமிஷம் வந்து பாருங்கள் என்றாள்.
கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டு வருடத்தில் அந்த வாசலை நான் தாண்டியதில்லை.
என் வீடேதான்.
அதே அறைகள், அதே கோணல் ஜன்னல்.
சமையலறைக் கூரையில் என் தண்ணீர்.

பழுப்பு ஓரம் வைத்த வளையங்கள்,
ஒன்றுக்குள் ஒன்றாக.
நடுவில் காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிந்தது.
அதற்குப் பயந்து அடுப்பை நகர்த்தியிருந்தார்கள்.
அடுப்பிருந்த இடத்தில் ஒரு நீல வாளி.
வாளிக்குள் மடித்த துணி,
சொட்டு விழும் சத்தத்தில் குழந்தை விழித்துவிடாமலிருக்க.

எத்தனை நாளாய் என்றேன்.
நாலு வருஷம்.
உங்கள் மனைவியிடம் சொன்னோமே,
அவர் இரண்டு தடவை வந்து பார்த்தாரே,
உங்களிடம் சொல்வதாகச் சொன்னாரே.

சொல்லியிருக்கிறாள்.
டிவியில் கடைசி ஓவர்.
திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினேன்,
'அப்புறம்' என்பதற்கு நான் வைத்திருந்த கை.

அதே கைதான்
அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோதும்,
விட்ட நர்ஸிங் படிப்பை முடிக்கட்டுமா என்றபோதும்,
நள்ளிரவில் விளக்கைப் போட்டு உட்கார்ந்து
கொஞ்சம் பேசணும் என்றபோதும்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளாம்.

என் தரை காய்ந்தேதான் இருந்தது,
எனக்கெப்படித் தெரியும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாளியில் ஒரு சொட்டு விழுந்தது,
சத்தமில்லாமல்.

நான்கு நாள் லீவு போட்டேன்.
இர்ஷாத் குளியலறையை உடைத்தான்.
பளபளத்த டைல்ஸுக்கு அடியில், சிமென்டுக்கும் அடியில்
ஈரம் கறுத்துக் கிடந்தது.
இடிபாட்டை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றான் வாட்ச்மேன்.
மூட்டை கட்டித் தோளில் இறக்கினேன்.
இருபத்தாறு நடை.
ஒவ்வொரு நடையிலும் அவர்கள் கதவைக் கடந்தேன்.
எத்தனையாவது நடையிலோ
படியில் மூட்டையை வைத்துவிட்டு அழுதேன்.
பதினோரு மாதமாய் அழாதவனில்லை நான்.
ஆனால் அதெல்லாம் எனக்காக.
இதில் ருசியே இல்லை.

என் சுவர் இன்னும் காயவில்லை.
மேல் வீட்டுக்காரர் தீபாவளிக்குப் பிறகு என்றார்.
சரி என்றேன்.
நான் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்,
அவர்தான் சங்கடப்பட்டார்.

அமலிக்கு ஒரு வரி அனுப்பினேன்.
திரும்பி வா என்றல்ல,
அதைக் கேட்கும் வாய் இன்னும் எனக்கு முளைக்கவில்லை.
சாவந்த் வீட்டுக் கசிவை அடைத்தாயிற்று,
அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துப் பதில்:
அடுப்பைப் பழைய இடத்துக்கே மாத்திட்டாங்களா?

கை தானாக உயரப் பார்த்தது.
அதைக் கீழே இறக்கி
செருப்புக்கூடப் போடாமல்
படியிறங்கினேன், பார்த்து வந்து சொல்ல.